முடித்தவர்கள் மட்டும் எழுதவும்

ஒரு விளையாட்டைத் தானே விளையாடி முடித்தவன் யார், வேறொருவன் விளையாடுவதை இணையத்தில் பார்த்துவிட்டு முடித்ததாகச் சொல்லித் திரிகிறவன் யார் என்பதை, அவன் எழுதும் முதல் மூன்று வரிகளிலேயே என்னால் சொல்லிவிட முடியும். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சிலருக்குத் தேயிலைக் கொழுந்தைக் கையில் எடுத்ததும் எந்த மலையில் பறித்தது என்று தெரியும். எனக்கு இது தெரியும்.

நீங்கள் கேட்டது இதைப் பற்றி அல்ல என்பதை அறிவேன். நெலுங்கலைத் தோட்டத்தின் மேல்லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், மண் சரிந்து மூன்று பேர் செத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் நீங்கள் எழுதி, அடியில் நான் கையெழுத்து வைப்பதுதான் இங்கே வழக்கம் என்றீர்கள். நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டது உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல. அடுத்தவன் எழுதும் சுருக்கத்தில் என் பெயர் இருப்பது எனக்குப் பிடிக்காது. மொழிபெயர்க்கிறவர் இதில் ஒரு சொல்லையும் விடமாட்டார் என்று நம்புகிறேன்.

என் பெயர் இந்திரஜித். வயது முப்பத்து நான்கு. ஹாலிஎலவில் கணினி வகுப்பு நடத்துகிறேன். என் அப்பா நெலுங்கலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் இறந்த பிறகும் ஆட்களுக்குப் பேர் போடும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய கணக்கப்பிள்ளை வீட்டிலேயே என்னை இருக்க விட்டார்கள். தனியாகத்தான் இருக்கிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், பதுளையில் போன் கடை வைத்திருக்கும் நப்ரீஸும் நானும் சேர்ந்து பேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினோம். ஊவா மாகாணத்தில் கேம் விளையாடுகிற தமிழ்ப் பிள்ளைகள் தாங்கள் அண்மையில் முடித்த விளையாட்டைப் பற்றிய அபிப்பிராயத்தை அங்கே எழுதலாம். கடைசித் திரையைப் படம் பிடித்துப் போட வேண்டும், குறைந்தது இருபது வரி எழுத வேண்டும். குழுவின் நெற்றியில் நான் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: முடித்தவர்கள் மட்டும் எழுதவும். நானூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். நானூறு பேரில் எழுதத் தெரிந்தவன் ஒருவனாவது இருப்பான் என்று நினைத்தேன்.

வெலிமடையில் ரஜீவ் என்று ஒருவன் லீக்ஸ் மரக்கறி ஏற்றுகிற லொறி ஓட்டுகிறான். அவன் எட்டு விளையாட்டுகளுக்கு அபிப்பிராயம் எழுதினான். எட்டும் இதுதான்: “ப்ரோ, கேம் சும்மா தீ. கிராபிக்ஸ் வேற லெவல். கதை மட்டும் கொஞ்சம் இழுவை.” கடைசியில் பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண் மட்டும் மாறும். இருபது வரி எங்கே என்று கேட்டால் அதே மூன்று வரியை ஏழு தடவை ஒட்டிவிட்டு, சிரிக்கிற முகம் ஒன்றும் வைப்பான். இன்னொருவன், ஒரு பாலத்தைத் தாண்ட முடியாமல் பாதியில் விட்டுவிட்டு, பாலத்தைக் கட்டியவனுக்கு விளையாட்டு செய்யத் தெரியாது என்று எழுதினான். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். தொடக்கத்தில் விளையாட்டு சொல்லித் தரும் எச்சரிக்கைகளை ஒருவனும் வாசிப்பதில்லை. தட்டித் தட்டித் தள்ளிவிட்டுப் போவான், பள்ளத்தில் விழுவான், பிறகு விளையாட்டைத் திட்டுவான்.

நான் எழுதியவை நீளமானவை. ஒரு விளையாட்டை மூன்று முறை முடித்த பிறகுதான் எழுத உட்காருவேன். அவற்றுக்குப் பதினொரு பேர் விருப்பம் போடுவார்கள். அதில் ஒருவன் நப்ரீஸ், வாசிக்காமலே போடுகிறவன்.

ஐந்து வருடம் இந்தக் குப்பையை வாசித்ததில் ஒன்றைக் கண்டுகொண்டேன். சுலபமாக முடித்தவன் எழுத்தில் மரியாதை இருக்காது. ஒரே இடத்தில் நாற்பது தடவை செத்துப் பிழைத்தவன்தான் ஒழுங்காக எழுதுவான். ‘இங்கே நான் கவனிக்கவில்லை, அது சொன்னது, நான் கேட்கவில்லை’ என்று தன் வாயாலேயே சொல்லுவான். நல்ல வார்த்தை சொல்லித் திருந்திய மனிதன் எவனையும் நான் பார்த்ததில்லை. பட்டால்தான் தெரியும் என்று நம் ஆட்கள் சொல்வது வேறெதில் பொய்யானாலும் இதில் பொய்யில்லை.

இனி மழைமானி.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மண்சரிவைக் கவனிக்கும் அதிகாரிகள் பதுளையிலிருந்து வந்து எங்கள் மேல்பிரிவுக்கு ஒரு மழைமானி கொடுத்தார்கள். திறந்த இடம் வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். என் முற்றத்தில் நட்டார்கள். கண்ணாடிக் குழாயில் எழுபத்தைந்து மில்லிமீட்டரில் ஒரு மஞ்சள் கோடு, நூறில் ஒரு சிவப்புக் கோடு. லயத்து ஆட்கள் அதை மழ போத்தல் என்பார்கள். காலை ஆறு மணிக்குப் பார்த்து, கொப்பியில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பெருமழை நாளில் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும், ஆனால் இடையில் கொட்டக் கூடாது. மஞ்சளைத் தாண்டினால் ஆட்களை ஆயத்தமாக இருக்கச் சொல்ல வேண்டும். சிவப்பைத் தாண்டினால் சைரன் வைத்த கை மைக்கை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போய் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

போன வருடம் இரண்டு தடவை சிவப்பைத் தாண்டியது. இரண்டு தடவையும் சைரன் அடித்தேன். மலை அசையவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. தண்ணீர் கோட்டைத் தாண்டியது, நான் அடித்தேன். முதல் தடவை மேல்லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் கிடந்து, வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் பேரும் கூலியும் போய், திரும்பி வந்து என்னை ஏதோ நான்தான் மழையைப் பெய்வித்தவன் மாதிரி பார்த்தார்கள். இரண்டாவது தடவை பாதிப் பேர் நகரவே இல்லை. போனவர்களில் ஒருத்தி அடுப்பில் வைத்த சோறு கருகிப்போன கதையை ஒரு மாதம் சொல்லித் திரிந்தாள். ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் குடம் வைக்கிற பெண்கள் என் காதுபடவே பேசினார்கள்.

“கணக்கப்புள்ள மகனுக்கு அந்த மைக்கப் புடிச்சா போதும், பசியே எடுக்காதாம்.”

ஊதுகிற சங்கை ஊதிவிட்டேன் என்று பேசாமல் இருந்தேன். படிப்பில்லாதவர்களோடு என்ன பேச்சு. அதோடு போயிருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஜீவன் மேல்லயத்தின் கடைசிக் காம்பராவில், ஓர் ஒற்றை அறையில், இருப்பவன். இருபத்தேழு வயது, தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவன். நப்ரீஸிடம் பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, வேலை விட்டு வந்து பொண்டாட்டி தயானியோடு உட்கார்ந்து விளையாடுவான். ஒரு கன்ட்ரோலர்தான். அவன் நடப்பான், சண்டை வந்தால் அவள் வாங்கிக்கொள்வாள். அவனுடைய அம்மா பெரியாயி பின்னால் இருந்து வெற்றிலை மென்றுகொண்டு, “அந்தக் கதவுப் பக்கம் போவாத, அவன் நிக்கிறான்” என்று சொல்லிக்கொண்டிருப்பாளாம். இதையெல்லாம் அவன்தான் எழுதினான். எழுத்துப் பிழை மலிந்த எழுத்து. ஒரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி இருக்காது. ஆனால் மூவரும் விளையாடி முடித்திருக்கிறார்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. அவன் எழுதினால் இருநூறு பேர் விருப்பம் போடுவார்கள். அந்த எண்ணிக்கைகளை நான் பொருட்படுத்துகிறவன் இல்லை.

புரட்டாசி மாதத்தில் அவன் ஒரு அணைக்கட்டு விளையாட்டை முடித்துவிட்டு எழுதினான். நினைவிலிருந்து எழுதுகிறேன், ஆனால் ஒரு சொல் தப்பாது:

“இந்த கேம்ல ஒரு ஊரு ஊருக்கு மேல ஒரு அணை அணைக்குப் பக்கத்துல கண்ணாடி வீட்டுல ஒரு மணிக்காரரு இருக்காரு. தண்ணி ஒரு சொட்டு கூடுனா மணி அடிப்பாரு ஊரே ஓடும் ஒண்ணும் ஆவாது. திரும்பி வந்தா சோறு கருகிக் கெடக்கும். அவரு கெட்டவரு இல்ல அணை ஒடையணும்னு அவருக்கு ஆச இல்ல ஆனா ஒடையலேன்னா அவரு யாருன்னு ஊருக்கு எப்பிடித் தெரியும். தனியா இருக்காரு பேச ஆளில்ல பாவம். சண்ட போட்ட வில்லன எல்லாம் மறந்துட்டோம் நானும் தயானியும் கடசி வரைக்கும் அந்த மனுசனுக்காகத்தான் கவலப்பட்டோம். எங்க தோட்டத்துல யாரையும் நான் சொல்லல. ஆனா ஒண்ணு மணி சத்தம் கேட்டா நாங்க ஓடுவோம் சிரிச்சிக்கிட்டே ஓடுவோம்.”

நூற்று எண்பத்தேழு சிரிக்கிற முகங்கள். ரஜீவ் தன் வாழ்நாளில் முதல் தடவையாக நாலாவது வரி ஒன்று எழுதினான்: “இது நம்ம அட்மின்தானே?” நப்ரீஸ் உடனே போன் எடுத்தான்.

“மச்சான், பாத்தியா? அவன் ஒன்னத்தான் எழுதீக்கான். கோவிக்காதடா, நல்லாத்தான் எழுதீக்கான்.”

கோபம் இல்லை என்றேன். நான் அந்தப் பதிவை நீக்கவில்லை. நீக்கும் அதிகாரம் என் விரல் நுனியில் இருந்தது, நீக்கவில்லை. நானும் ஒரு விருப்பம் போட்டேன். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாவம் என்று எழுதியிருந்தான். எட்டடிக் காம்பராவில் மூன்று பேராகக் கிடக்கிறவன் என்னைப் பாவம் என்கிறான். கடைசி வரியை, சிரித்துக்கொண்டே ஓடுவோம் என்பதை, சமாளிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அடித்துவிட்டுத் தடவுவது அந்த ஆட்களுக்குக் கைவந்தது.

அதற்குப் பிறகு அந்த விளையாட்டை நானே வாங்கி விளையாடினேன், அறுபது மணி நேரம். அவன் சொன்னது சரிதான், அப்படியொரு மணிக்காரன் இருக்கிறான். ஆனால் ஜீவன் எழுதாமல் விட்ட ஒன்றும் அதில் இருக்கிறது. முதல் இரண்டு மணியும் வீண். மூன்றாவதற்கு ஓடாதவன் மூழ்கிச் சாவான். ஜீவன் முதல் தடவையிலேயே ஓடிப் பிழைத்தவன். மூழ்கியிருந்தால் மணிக்காரனைப் பற்றி இப்படி எழுதியிருக்க மாட்டான். அதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன். இங்கே ஒரு தடவை நான் சைரன் அடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மாட்டுக் கொட்டில் ஒன்று போகும், கக்கூஸ் வரிசை போகும், நாலு கோழி சாகும். எல்லோரும் முற்றத்துக்கு ஓடி வருவார்கள். “ஏன் சொல்லல?” என்று கேட்பார்கள். அப்படி ஒரு கேள்வியை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வாழ்க்கை விளையாட்டு இல்லை என்று சொல்ல வருவீர்கள். அந்த வாக்கியத்தைக் குழுவிலிருந்து முப்பது தடவையாவது நீக்கியிருப்பேன். எழுத ஒன்றும் இல்லாதவன் கடைசியில் எழுதும் வாக்கியம் அது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சம்பவத்துக்கு ஆறு நாளைக்கு முன்னால் பெரியாயி வந்தாள். இஸ்தோப்புத் திண்ணையில் ஏறாமல், தலையில் போட்ட கொங்காணியோடு படியிலேயே நின்றாள். சாக்கைத்தான் நாங்கள் கொங்காணி என்போம்.

“தம்பி, வீட்டுக்குப் பின்னால மண்ணு வாய் தொறந்து கெடக்குங்க. கைய விட்டா உள்ள போவுது.”

“எத்தன விரல் போவுது?”

“ரெண்டு வெரலுங்க. நேத்து ஒண்ணுதான் போச்சி.”

“ஒங்க மகன்கிட்ட சொல்லுங்க. அவருதான் நல்லா எழுதுவாரே, எழுதி அனுப்பட்டும்.”

அவளுக்கு அதன் குத்தல் விளங்கவில்லை. “ஆமாங்க தம்பி, சொல்றேங்க” என்று சந்தோசமாகப் போனாள். மகனை யாராவது புகழ்ந்தால் போதும் அவளுக்கு. வெடிப்பு பற்றி யாராவது சொன்னால் கிராம சேவகருக்கும் பதுளை அதிகாரிகளுக்கும் அன்றே அறிவிக்க வேண்டும் என்பது விதி. நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன், அறிவிக்கவில்லை. கொப்பி உங்களிடம் இருக்கிறது. தேதி, நேரம் எல்லாம் சரியாக இருக்கும், பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஐம்பத்தெட்டு இருந்தது. எழுதிவிட்டுக் கொட்டினேன். மழை விடவில்லை. ஏழு மணிக்கு மேல் ஜீவன் குடையோடு வேலிப்பக்கம் வந்தான்.

“அண்ணே, பதுளைக்குப் போறேன், நப்ரீஸ் கடைக்கி. கன்ட்ரோலர் வேல செய்யல. ஒங்களுக்கு ஏதும் வாங்கணுமா?”

“வேணாம்.”

“மழ எப்பிடிண்ணே? போலாமா?”

“ஆறு மணிக்கு மேல முப்பதுதான். போய்ட்டு வா.”

“அப்ப சரி. நீங்க இருக்கீங்கல்ல” என்று சொல்லிவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். முப்பது என்று நான் சொன்னது பொய்யில்லை. பஸ் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஏன் என்று அந்த நேரம் நான் யோசிக்கவில்லை.

பத்து மணிக்குத் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேல் நின்றது. நூற்று நான்கு. நான்கு மணி நேரத்தில் அவ்வளவு பெய்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் வந்து துண்டால் தலையைத் துவட்டினேன். மைக் மேசைமேல் இருந்தது. முந்தின நாள்தான் சார்ஜ் போட்டிருந்தேன்.

அப்போதுதான் தயானி வந்தாள். கையில் தண்ணீர்க் கேன், முழுக்க நனைந்திருந்தாள்.

“அண்ணே, எங்க பீலித் தண்ணி செவப்பா வருது. சேறு மாதிரி. மாமியும் நானும் துணியெல்லாம் மூட்ட கட்டி வச்சிட்டோம். பக்கத்துக் காம்பரா பொன்னையா தாத்தாவும் கேட்டுட்டு வரச் சொன்னாரு. பள்ளிக்கூடத்துக்குப் போவணுமாண்ணே?”

“மத்தவங்க?”

“அவங்க எல்லாம் தண்ணியப் பாத்ததுமே பயந்து ஓடிட்டாங்க. நாந்தான் மாமிகிட்ட சொன்னேன், அண்ணன் பாத்துச் சொல்லாம போனா நல்லா இருக்காது, போன தடவையே பாவம் மனசு நொந்து போயிருந்தாருன்னு. தாத்தாவுக்கும் இடுப்பு முடியாது, சும்மா சும்மா தூக்கிட்டுப் போவ ஏலாது.”

நான் குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் முற்றத்துக்குப் போனேன். குனிந்து மழைமானியைப் பார்த்தேன். அவள் இஸ்தோப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து கோடு தெரியாது.

“அறுபத்திரெண்டு” என்றேன். “மஞ்சளுக்கே வரல்ல. பயப்பட ஒண்ணுமில்ல. போய் சமைங்க.”

“அப்பாடா” என்று சிரித்தாள். “அவரு வந்தா சொல்றேன், அண்ணன் மழையில நனஞ்சி பாத்துச் சொன்னாருன்னு.”

கேனை என் பீலியில் நிரப்பிக்கொண்டு படியேறிப் போனாள். நான் முதலில் உங்களிடம் சொன்னபோது, கவனக் குறைவாகப் பத்து மணிக்கு முன்பே தண்ணீரைக் கொட்டிவிட்டேன், அதனால் கணக்குப் பிசகிவிட்டது என்று சொன்னேன். கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடத்து மழைமானியில் அதே நேரம் நூற்று ஏழு இருந்ததை நீங்கள் எடுத்துக் காட்டினீர்கள். நீங்கள் அதைத் தேடிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. எதையும் முடிவு வரை பார்க்கிற ஆட்களை இங்கே காண்பது அரிது. கொட்டியது பத்தேகாலுக்கு, அவள் தேயிலைக்குள் மறைந்த பிறகு. கொப்பியில் அறுபத்திரண்டு என்று எழுதியதும் அப்போதுதான். கையெழுத்து நடுங்காமல் இருக்கிறது என்று அன்றைக்கு நீங்களே சொன்னீர்கள்.

பாடம் படிக்க வேண்டியவர்கள் என்று நான் நினைத்த பத்துக் குடும்பமும் என்னைக் கேட்காமலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. வீட்டில் இருந்தது பெரியாயி, தயானி, பொன்னையா மூன்று பேர்தான். என் வார்த்தைக்குக் காத்திருந்தவர்கள் அந்த மூன்று பேர் மட்டும்தான். இது எனக்குப் பத்தேகால் மணிக்கே தெரியும். மண் சரிந்தது ஒன்று இருபதுக்கு. மேல்லயத்துக்கு என் வீட்டிலிருந்து நடை ஏழு நிமிடம். இந்தக் கணக்கை மொழிபெயர்ப்பாளர் சரியாகப் போட வேண்டும்.

அந்த மூன்று மணி நேரம் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். தேநீர் போட்டேன். அணைக்கட்டு விளையாட்டைப் பற்றிய என் அபிப்பிராயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மணிக்காரனை மற்றவர்கள் எப்படித் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதை விளக்கும் பகுதி, நன்றாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை எழுந்து மைக்கைக் கையில் எடுத்தேன். அப்போது போய்க் கூப்பிட்டால், நான் கொடுத்த எண் பிழை என்று தயானியிடம் சொல்ல வேண்டும். அவள் அதைப் புருசனிடம் சொல்லுவாள். அவன் எழுதுவான். வைத்துவிட்டேன்.

சத்தம் ஜல்லி லொறி கொட்டுகிற மாதிரித்தான் இருந்தது, கொஞ்சம் நீளமாக. வெளியே வந்து பார்த்தபோது மேல்லயத்தின் கடைசிப் பக்கம் இல்லை. நான் நினைத்திருந்த கொட்டிலும் கக்கூஸும் அப்படியே நின்றன. மண் நின்றதும் சைரனை அழுத்தினேன். பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. மண்வெட்டி எங்கே என்று கேட்டார்கள்.

ஜீவன் மூன்று மணி பஸ்ஸில் வந்தான். பாதை மூடியிருந்ததால் கடைசி இரண்டு மைல் கட்டை தூரம் நடந்து வந்திருக்கிறான். கையில் நப்ரீஸ் கடைப் பை. என்னைப் பார்த்ததும் நேரே என்னிடம்தான் வந்தான். “அண்ணே, நீங்க சொல்லியிருப்பீங்கல்ல, அவங்க பள்ளிக்கூடத்துலதான் இருப்பாங்க, இல்லீங்களாண்ணே?” என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே தவறு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், அதைச் சொல்லலாம்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் சிவப்பைத் தாண்டியது எனக்குத் தெரியும். வெடிப்பு தெரியும். பீலி கலங்கியது தெரியும். மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட நின்றவளைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பியது நான். மாட்டுக் கொட்டிலோடு போகும் என்று நினைத்ததாக மேலே எழுதியிருக்கிறேன். வெடிப்பு கொட்டிலுக்குப் பின்னால் இல்லை, ஜீவனின் காம்பராவுக்குப் பின்னால்தான் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவனை ஒன்றும் செய்ய நான் நினைத்ததில்லை. அவன் பஸ் ஏறிப் போனதை உறுதிப்படுத்திக்கொண்டேன் என்பதே அதற்கு அத்தாட்சி.

பன்னிரண்டு நாளாகிறது. நேற்றுக் காலை நீங்கள் என் போனை எடுத்துக்கொள்ளும் வரை குழுவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரஜீவ்கூட அழுகிற முகம் போட்டு இரங்கல் எழுதியிருந்தான். ஜீவன் எதுவும் எழுதவில்லை. குழுவை விட்டுப் போகவும் இல்லை. மற்றவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று காத்துக் கிடக்கிறவன் நான் இல்லை, இதை வாசித்ததில் உங்களுக்கே அது விளங்கியிருக்கும். போன் உங்கள் மேசையில் இருப்பதால் மட்டும் கேட்கிறேன். ஜீவன் என்னைப் பற்றி எழுதியிருக்கிறானா என்று பாருங்கள். எழுதியிருந்தால், எப்படி எழுதியிருந்தாலும் சரி, ஒரு வரி விடாமல் எனக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.